கத்தியை மாட்டிவிட்டு வந்த நாள்

(‘அந்த நிமிடமே வேலையை விட்டேன்’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், மலாக்கா மாநிலம் சுங்கை ரம்பாயைச் சேர்ந்த முன்னாள் தொழிற்சாலை ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



எனக்கு முன்னால் பேசிய தம்பி, “வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும், மானம் போனால் திரும்ப வருமா?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. அவருக்குப் பிறகு பேசிய அம்மா, “வீட்டுக் கடனையும் கார்க் கடனையும் யார் கட்டுவது? மானமா கட்டும்?” என்று கேட்டார். அதற்கும் கைதட்டினீர்கள். இரண்டுக்கும் நானும் சேர்ந்துதான் கைதட்டினேன். ஏனென்றால் இந்த இரண்டு பேச்சையும் நான் ஒரே வீட்டில், ஒரே இரவில் கேட்டிருக்கிறேன். ஒன்றைப் பேசியவர் என் அப்பா. இன்னொன்றைப் பேசியவர் என் அம்மா.

அதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

ஆணியில் தொங்கிய கத்தி

சுங்கை ரம்பாய் உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். மெர்லிமாவைத் தாண்டி மூவாருக்குப் போகும் சாலையில் வரும் சின்னப் பட்டணம். இன்னும் கொஞ்சம் போனால் ஜொகூர் மாநிலம். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்டதும் எங்கள் மலாக்காவில்தான். 1896ஆம் ஆண்டு டான் சாய் யான் என்ற சீனத் தொழிலதிபர் புக்கிட் லிந்தாங்கில் அதைத் தொடங்கினார். அதற்குப் பின் எத்தனையோ தோட்டங்கள் வந்தன. அப்படி ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவள் நான்.

1976ஆம் ஆண்டு. எனக்கு ஒன்பது வயது. அப்பா பால்மரம் வெட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால், மத்தியானம் காண்டா வாளியில் பாலைத் தூக்கிக்கொண்டு நிறுக்கிற கொட்டகைக்கு வருவார். அன்று பள்ளி விடுமுறை. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நான் கொட்டகைக்குப் போயிருந்தேன்.

அன்று வெட்டி முடித்து, பால் எடுக்கப் போகும் நேரத்தில் கொஞ்சம் தூறல். மங்கில் மழைத்தண்ணீர் விழத்தான் செய்யும். அப்பாவின் முறை வந்தது. கிராணி பாலைச் சோதித்துப் பார்த்தார். “தண்ணி கலந்திருக்கே” என்றார். “இல்லைங்க ஐயா, தூறல் போட்டுச்சுங்க. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்” என்றார் அப்பா. கிராணி பதில் சொல்லவில்லை. காலால் வாளியைத் தள்ளிவிட்டார்.

வெள்ளைப் பால் சிமெண்டுத் தரையில் ஓடி, காவாயில் இறங்கியது. விடியற்காலையிலிருந்து அவர் பட்ட பாடு அது. வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். மகள் பார்த்துவிட்டாளே என்ற பார்வை. பிறகு பால் வெட்டும் கத்தியை எடுத்து, கொட்டகைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினார். “நாளையிலேருந்து நான் வரலை” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஒரே பெருமை. என் அப்பா கிராணிக்கே பதில் சொல்லிவிட்டார் அல்லவா!

அம்மா முழுக் கதையையும் கேட்டார். திட்டவில்லை. “நீங்க செஞ்சது சரிதாங்க. ஆனா நாளைக்கு நாம எங்க படுக்கிறது?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். வீடு தோட்டத்துடையது. தண்ணீர் தோட்டத்துடையது. கடையில் கடன் எழுதுவதும் தோட்டத்து வேலையை நம்பித்தான். வேலையை விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாங்கள் நான்கு பிள்ளைகள். கூடவே நடக்க முடியாத பாட்டி. வேலை வேறு, வீடு வேறு என்று இருப்பவன் ஒரு வேலையைத்தான் விடுகிறான். தோட்டத் தொழிலாளி வேலையை விட்டால் கூரையையும் சேர்த்து விடுகிறான்.

அப்பா அன்று இரவு முழுவதும் அஞ்சடியில் உட்கார்ந்திருந்தார். விடியற்காலை விளக்கை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். கத்தி அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். எடுத்துக்கொண்டு நிரைக்குப் போய்விட்டார். கிராணி ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பின் பதினான்கு வருடம் அதே தோட்டத்தில் வேலை செய்தார். அந்த நாளைப் பற்றி ஒருமுறைகூட வீட்டில் பேசியதில்லை.

பூட்டியிருந்த கதவு

நேயர்களே, “அந்தக் காலத்தில் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்று பலர் சொல்லக் கேட்கிறோம். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்கும் கோபம் வந்தது. அவர்களுக்கு வெளியே போகக் கதவு இல்லை.

1894ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்ததைப் பாருங்கள். பாலசுந்தரம் என்ற தமிழர் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தார். முதலாளி அடித்த அடியில் அவருடைய முன்பற்கள் இரண்டு உடைந்தன. வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுதபடி அவர் ஓடி வந்து நின்றது, அப்போதுதான் அங்கே தொழில் தொடங்கியிருந்த இளம் வழக்கறிஞர் காந்தியின் முன்னால். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அங்கே சட்டம் எப்படி இருந்தது தெரியுமா? சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் வேலையை விட்டால் முதலாளி அவன்மேல் சிவில் வழக்குப் போடலாம். ஒப்பந்தக் கூலி அப்படி விட்டால் அது குற்றம். சிறைக்கு அனுப்பலாம். பல்லை உடைத்த முதலாளியின் வீட்டைவிட்டு ஓடி வந்ததே அந்தத் தமிழருக்குக் குற்றமாகிவிடும் நிலை. காந்தி அவரை முதலில் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கினார். பிறகு நீதிபதியிடம் அழைத்துப் போனார். முதலாளியைத் தண்டிப்பதைவிட இவரை விடுவிப்பதுதான் முக்கியம் என்று முடிவு செய்து, ஒப்பந்தத்தை வேறொரு முதலாளிக்கு மாற்றவைத்தார். அதாவது, பல் உடைந்த பிறகும் அவருக்குக் கிடைத்தது விடுதலை இல்லை. வேறொரு முதலாளிதான்.

நம் மலாயாவிலும் ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. இந்தியத் தொழிலாளர்களுக்கு அது 1910ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் கங்காணி முறை. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று ஏட்டில் இருந்தது. ஆனால் கங்காணியிடம் கடன், கடையில் கடன், குடியிருப்பதோ தோட்டத்து லயம். எங்கே போவது? பக்கத்துத் தோட்டத்துக்குப் போகலாம். அங்கேயும் ஒரு கிராணி இருப்பார்.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதன் தலைவர்களில் ஒருவர். சம்பளம் கேட்டார்கள், மருத்துவ வசதி கேட்டார்கள், பிள்ளைகளுக்குப் படிப்புக் கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள், பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரில் வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் வேண்டாம் என்பதுதான் அது.

சைக்கிளை விட்டு இறங்காமல் இருந்தால் ஒரு காசு கூடுதலாகக் கிடைக்குமா? கிடைக்காது. ஆனாலும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். படையை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். தனி ஒருவனாக வெளியேற வழியில்லாத இடத்தில், எல்லோரும் சேர்ந்து வேலையை நிறுத்துவது ஒன்றுதான் வழியாக இருந்தது. அன்றைக்கு அவர்கள் கேட்டதும், என் அப்பா அந்த ஆணியில் கத்தியை மாட்டிவிட்டுக் கேட்டதும் ஒன்றுதான். என்னையும் மனுஷனாகப் பாருங்கள்.

மயிலிறகும் வண்டியும்

இந்த நிகழ்ச்சிக்கு வருவதற்கு முன்னால், எங்கள் ஊர் ஒட்டுக்கடையிலும் கோயிலிலும் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். “அந்த நிமிடமே வேலையை விட்ட அனுபவம் உண்டா?” என்று. உண்டு என்றவர்கள் பலர். ஒரு பெண், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கொடுத்த எம்.சி.யை முகத்துக்கு நேராகக் கிழித்தார்கள் என்றார். ஒருவர், இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்த முதலாளி புதுக்காரில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் லோரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன் என்றார். ஒருவர், பாதுகாப்பு வார் இல்லாமல் கூரைமேல் ஏறச் சொன்னார்கள், ஏணியை விட்டு இறங்கியவன் அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன் என்றார். ஒரு கணக்கர், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், பேனாவை மூடிவிட்டு எழுந்தேன் என்றார்.

கவனித்தீர்களா? “சம்பளம் குறைவு, அதனால் அந்த நிமிடமே விட்டேன்” என்று ஒருவரும் சொல்லவில்லை. சம்பளம் குறைந்தால் மனிதன் வேறு வேலை தேடுவான், கிடைத்ததும் நோட்டீஸ் கொடுப்பான். அந்த நிமிடமே எழுந்து போவது வேறு காரணத்தால். இங்கே நான் ஒரு ஆளே இல்லை என்று தெரியும்போதுதான் அப்படி எழுந்து போகிறான்.

இன்னொன்றும் கவனித்தேன். நான் விடாமல் கேட்டபோது எல்லோருமே அதற்கு முந்திய கதையையும் சொன்னார்கள். எம்.சி. கிழிக்கப்பட்ட பெண் அதற்கு முன் இரண்டு வருடமாகப் பொறுத்திருக்கிறார். லோரி ஓட்டுநர் மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறார். மயிலிறகுதான் என்றாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் சொன்ன கருத்து. பார்க்கிறவர்கள் கடைசியாக விழுந்த இறகை மட்டும் பார்த்துவிட்டு, “இதற்கா வேலையை விட்டான்?” என்று சிரிக்கிறார்கள். வண்டியில் முன்பே ஏறியிருந்த பாரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் நிமிடம்

இப்போது என் கதை. 1990இல் நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். விடியற்காலை பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆறு வருடம் வேலை செய்தேன். 1996இல் ஒருநாள் காலை அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று மலாக்கா மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. சூப்பர்வைசரிடம் போய் அரைநாள் விடுப்புக் கேட்டேன். அன்றைக்கு டார்கெட் எட்டவில்லை. அவர் மெஷினைப் பார்த்தபடியே, அத்தனை பேர் காதிலும் விழும்படி, “இன்னும் சாகலைதானே? ஷிப்ட் முடிஞ்சு போ” என்றார்.

தொப்பியைக் கழற்றினேன். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டேன். அட்டையை மேசையில் வைத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்து டாக்சி பிடித்தேன். அன்று எனக்குப் பயமே இல்லை. ஏன் தெரியுமா? அப்போது நாங்கள் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம். வாடகை வீடுதான். ஆனால் அந்த வீட்டுக்கும் அந்தச் சூப்பர்வைசருக்கும் சம்பந்தம் இல்லை. என் அப்பாவால் செய்ய முடியாததை நான் செய்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னபோது, அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். பிழைத்து எழுந்து, இன்னும் மூன்று வருடம் எங்களோடு இருந்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் அந்தத் தம்பியைப் போல வீரமாகப் பேசிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டதால் எட்டு வாரச் சம்பளத்தை நான் நிறுவனத்துக்குத் தர வேண்டுமாம். அந்த மாதம் நான் செய்த வேலைக்கான சம்பளத்தையும் ஓ.டி.யையும் அதில் கழித்துக்கொண்டார்கள். மீதியைக் கட்டச் சொன்னார்கள்.

தொழிலாளர் இலாகாவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “அவர் சொன்னதை அன்றைக்கே எழுதிக் கொடுத்தீர்களா?” இல்லை. “ஏன் போகிறேன் என்று மேலதிகாரி யாரிடமாவது சொன்னீர்களா?” இல்லை. “கேட்டவர்கள் யாராவது சாட்சி சொல்வார்களா?” அவர்களுக்கும் வேலை வேண்டுமே! “அம்மா, நீங்கள் வெளியே வந்தது தப்பில்லை. வெறுங்கையோடு வந்ததுதான் தப்பு” என்றார். அடுத்த வேலை கிடைக்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் எங்கள் வீட்டில் அரிசி வாங்கியது அம்மாவின் சங்கிலி.

உலகம் கைதட்டிய ஒருவருக்கும் இதே கதைதான். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் தேதி, நியூயார்க் விமான நிலையத்தில் ஸ்டீவன் ஸ்லேட்டர் என்ற விமானப் பணியாளர் பயணி ஒருவரோடு ஏற்பட்ட தகராறில் வெறுத்துப்போய், ஒலிபெருக்கியில் இனி போதும் என்று சொல்லிவிட்டு, பீர் எடுத்துக்கொண்டு, அவசரகாலச் சறுக்கு வழியாக வழுக்கி இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். உலகமெங்கும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் அவரைக் கதாநாயகனாகக் கொண்டாடினார்கள். கடைசியில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மனநல சிகிச்சைக்குச் சம்மதித்தார். விமான நிறுவனத்துக்குப் பத்தாயிரம் டாலர் கட்ட வேண்டி வந்தது. கைதட்டியவர்கள் யாரும் அந்தப் பணத்தைக் கட்டவில்லை.

கையில் என்ன இருக்க வேண்டும்?

ஆகவே, இளைஞர்களே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். நம் தீபகற்பத்துக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படவில்லை என்றால் இந்தச் சட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் நான்கு வாரம். இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் ஆறு வாரம். ஐந்து வருடமோ அதற்கு மேலோ என்றால் எட்டு வாரம். நோட்டீஸ் இல்லாமல் போனால் அத்தனை வாரச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இது முதலாளிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். விடுப்புச் சொல்லாமல், தகுந்த காரணமும் இல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், ஒப்பந்தத்தை நாமே முறித்ததாக ஆகிவிடும்.

ஆனால் அதே சட்டம் நமக்கும் கதவு வைத்திருக்கிறது. முதலாளி ஒப்பந்தத்தின் நிபந்தனையை வேண்டுமென்றே மீறினால் நோட்டீஸ் இல்லாமல் வெளியேறலாம். சம்பளத்தை, அந்தச் சம்பள காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்காத முதலாளி ஒப்பந்தத்தை முறித்தவர். அந்த லோரி ஓட்டுநர் பயப்பட வேண்டியதே இல்லை. உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ வன்முறையாலோ நோயாலோ உடனடி ஆபத்து இருந்து, அது நீங்கள் ஒப்புக்கொண்ட வேலையில் சேராத ஆபத்து என்றால், அப்போதும் நோட்டீஸ் இல்லாமல் போகலாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. முதலாளி “போ” என்று வாயால் சொல்லாமல், இருக்க முடியாதபடி செய்து நம்மையே போகவைப்பது. மறைமுகப் பணிநீக்கம் என்பார்கள். முதலாளி ஒப்பந்தத்தின் அடிப்படையையே முறித்ததால் தொழிலாளி வெளியேறினால் அதுவும் பணிநீக்கம்தான் என்பதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1988இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு நீங்கள் எதனால் போகிறீர்கள் என்று முதலாளிக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். தாமதிக்காமல் போயிருக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கேட்கமாட்டார்கள்.

2018ஆம் ஆண்டு தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டமும் இருக்கிறது. நமக்கு அது சொக்சோ வழியாக வருகிறது. நாமாக விரும்பி வேலையை விட்டால் அதில் பணம் கிடைக்காது. ஆனால் பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ வெளியேற நேர்ந்தால் விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஆதாரம் வேண்டும்.

ஆகவே உங்களுடைய அந்த நிமிடம் வரும்போது, அதோடு இன்னும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவுங்கள். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, யார் சொன்னது, யார் இருந்தார்கள், இதனால்தான் போகிறேன் என்று நான்கு வரி எழுதுங்கள். கைத்தொலைபேசியிலேயே எழுதி நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டுகள் வீட்டில் இருக்கட்டும். பிறகு தலைநிமிர்ந்து வெளியே வாருங்கள்.

அப்பாவைப் போலத் திரும்பிப் போக வேண்டாம். என்னைப் போல வெறுங்கையோடும் வர வேண்டாம்.

வாளியைத் தள்ளியது என் கால்

என் பேச்சை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் இதுவரை நான் வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்லாமல் போனால், பாதி உண்மையைத்தான் சொன்னதாக ஆகும்.

அடுத்த தொழிற்சாலையில் நான் லைன் லீடராக உயர்ந்தேன். 2011ஆம் ஆண்டு, என் லைனில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. தமிழ்ப்பிள்ளை. புதிது, கை மெதுவாகத்தான் போகும். மாதக் கடைசி. மேலிருந்து எனக்கு நெருக்கடி. அன்று அவள் கையில் மூன்று பொருள் வீணாகிவிட்டது. நான் எல்லோர் முன்னாலும், “உன்னை மாதிரி ஆளு கேட்டு வாசல்ல நூறு பேர் நிக்கிறாங்க” என்றேன்.

அந்தப் பெண் கையுறையைக் கழற்றினாள். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மேசையின் ஓரத்தில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நடந்து போய்விட்டாள்.

எனக்கு அந்த ஆணியும் கத்தியும் கண் முன்னால் வந்தன. நான் அப்பாவின் மகள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் கிராணியாக நின்றேன்.

சாயங்காலம் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மா கதவைத் திறந்தார். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. “நான் பேசினது தப்பும்மா” என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அக்கா, நான் திரும்ப வேலைக்கு வரலை. ஆனா நீங்க வீடு தேடி வந்தீங்க. அது போதும்” என்றாள். மறுநாள் அலுவலகத்தில் பேசி, அவளுடைய நோட்டீஸ் காலத்தை நிர்வாகம் விட்டுக்கொடுக்கும்படி செய்தேன். சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. அவள் வேலை செய்த நாட்களின் சம்பளம் ஒரு காசு குறையாமல் போய்ச் சேர்ந்தது. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். வாயிலிருந்து போன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் சூப்பர்வைசர்கள் இருப்பீர்கள். கடை முதலாளிகள், மேலாளர்கள், வீட்டில் பணிப்பெண் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். “இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடுகிறார்கள்” என்று நீங்கள் குறைப்படுவதை நானும் கேட்டிருக்கிறேன். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அவர்கள் ஓடிய அந்த நாளில், அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில், நீங்கள் என்ன சொன்னீர்கள்? நினைவிருக்கிறதா? உங்களுக்கு மறந்திருக்கும். போனவருக்கு மறக்காது. தப்பைத் திருத்துங்கள், கண்டியுங்கள், வேண்டுமானால் எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள். அறைக்குள் கூப்பிட்டுச் செய்யுங்கள். நாலு பேர் முன்னால் வாளியைத் தள்ளாதீர்கள்.

அப்பா 1999இல் காலமானார். அவருடைய பெட்டியைத் திறந்தபோது, பழைய அடையாள அட்டை, சேமநிதிக் கடிதங்கள் இவற்றோடு அந்தக் கத்தியும் இருந்தது. வேலை ஓய்ந்தபோது தோட்டத்தில் கொடுத்துவிடாமல் எடுத்து வந்திருக்கிறார். முனை தேய்ந்து போயிருந்தது. இப்போது அது எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்குகிறது. வேலைக்குப் போகும் என் பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுகிறார்கள். தாத்தா ஏன் அதை மாட்டிவிட்டு வந்தார் என்பதும், மறுநாள் ஏன் போய் எடுத்தார் என்பதும், இரண்டுமே அவர்களுக்குத் தெரியும்.